தையல் வகுப்புக்கு மூடில்: எந்த வடிவம் நின்றது

பிளவுஸ் தைக்கக் கற்றுத்தரும் ஆன்லைன் வகுப்பு ஒன்றை மூடிலில் அமைத்துக் கொடுத்தேன். மூடில் என்பது இணையத்தில் வகுப்பு நடத்த உதவும் மென்பொருள், பாடங்களை அடுக்கிக் காட்ட அதில் பல ‘வடிவங்கள்’ உண்டு. கடைசியில் நின்றது, மூடிலோடு கூடவே வரும் சாதாரண ‘கஸ்டம் செக்‌ஷன்ஸ்’ வடிவம்தான். ஒரு பக்கத்துக்கு ஒரு பிரிவு என்ற அமைப்பு. செட்டிங்ஸில் போய் அதைத் தேர்வுசெய்ய அரை நிமிடம்கூட ஆகாது. அதற்கு முன்னால் வாரக்கணக்கு வடிவம், நீளமான ஒரே பக்கம், டைல்ஸ், டேப் போடும் ஒன்டாபிக் என்று எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தாயிற்று. எது எதனால் ஒத்துவரவில்லை என்பதை வரிசையாக எழுதிவைக்கிறேன். இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவும்.

ஈரோட்டுப் பக்கம் வீட்டு மாடியில் தையல் வகுப்பு எடுக்கிற அக்கா ஒருவர். நேரில் வருகிறவர்கள் ஒருபுறம், வெளியூரில் இருந்துகொண்டு போனிலேயே கற்றுக்கொள்கிறவர்கள் இன்னொருபுறம். இரண்டாவது கூட்டத்துக்கு எல்லாமே வாட்ஸ்அப் குழுவில் நடந்துகொண்டிருந்தது. அக்கா வீடியோ போடுவார். அதற்குக் கீழே குட் மார்னிங் பூக்கள் குவியும். இரண்டே நாளில் வீடியோ மேலே எங்கேயோ போய்விடும். ‘கை வெட்டற வீடியோ மறுபடி அனுப்புங்கக்கா’ என்பதுதான் அந்தக் குழுவில் அடிக்கடி வரும் செய்தி. நான் ஒரு கல்லூரியில் கணினி ஆய்வகம் பார்த்துக்கொள்கிறவன், மூடில் அங்கே பழகியது. “இதையெல்லாம் ஒரே எடத்துல அடுக்கிக் குடுங்க தம்பி” என்று அக்கா கேட்டதும், இது எளிது என்றுதான் நினைத்தேன். அடுக்குவது எளிதுதான். அடுக்கியதிலிருந்து ஒன்றை எடுப்பதுதான் வேலை வாங்கியது.

அடித்தளம்

மூடில் 4.5 போட்டேன். 2024 அக்டோபரில் வந்தது, நீண்டகால ஆதரவு கொண்ட பதிப்பு. அடிக்கடி அப்கிரேடு செய்ய நேரமில்லாதவர்களுக்கு அதுவே நல்லது. 2 ஜிபி ரேம் உள்ள வாடகை சர்வர், மூடில் ஓடத் தேவையான பிஎச்பி 8.1, தகவல்களைச் சேமிக்க மரியாடிபி. சர்வருக்கு மாதம் 600 ரூபாய் சுமார், டொமைனுக்கு வருடம் 900 சுமார். தளத்தைப் பாதுகாப்பாகத் திறக்க வேண்டிய எஸ்எஸ்எல் சான்றிதழ் லெட்ஸ் என்க்ரிப்ட் தருவது, காசில்லை. மூடிலுக்கும் காசில்லை. 2002இல் முதல் பதிப்பு வந்த நாளிலிருந்து அது திறந்த மூலம்தான்.

நிறுவும்போது கவனிக்க இரண்டு இடம். பிஎச்பி அமைப்பில் ‘மேக்ஸ் இன்புட் வார்ஸ்’ 1000 என்றுதான் இருக்கும், அதை 5000 ஆக்கினால்தான் நிறுவல் நகரும். இன்னொன்று கிரான், அதாவது பின்னணி வேலைகளை நேரத்துக்கு ஓட்டிவிடும் ஏற்பாடு. ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டும். அது ஓடாவிட்டால் தளம் திறக்கும், பாடமும் தெரியும், ஆனால் மின்னஞ்சல் போகாது, பின்னணியில் நடக்க வேண்டியவை எல்லாம் தேங்கி நிற்கும். அடுத்த வேலைக்குப் போகுமுன் இதைப் பார்த்துவிடுங்கள்.

வீடியோவை சர்வரில் ஏற்றவில்லை. யூடியூபில் ‘அன்லிஸ்டட்’ என்று வைத்து, இணைப்பை மட்டும் மூடிலில் ஒட்டினோம். இணைப்பை ஒட்டினால் மூடிலே அதைப் பிளேயராக மாற்றிக் காட்டிவிடும். இதனால் இடமும் மிச்சம், மாதக் கட்டணமும் ஏறவில்லை. இணைப்பு கையில் கிடைத்தால் வெளியாளும் பார்க்கலாம் என்பது இதிலுள்ள ஓட்டை. “பாத்துட்டுப் போவட்டும் தம்பி, பாத்தாப்புல தைக்க வந்துருமா” என்றார் அக்கா. அதற்கு மேல் நான் பேசவில்லை.

பாடத்தை மூடிலில் தொடுமுன் எல்லாவற்றையும் துண்டுச் சீட்டுகளில் எழுதினோம். வீடியோ, பிடிஎஃப், படம், பயிற்சி என்று மொத்தம் 58 சீட்டு. மாடியில் பாய் விரித்து அவற்றைப் பரப்பி, தைக்கும் வரிசையில் அக்கா நகர்த்த நகர்த்த 9 குவியல் வந்தது: அளவெடுத்தல், பேப்பர் கட்டிங், துணி வெட்டு, டாட் (உடலுக்குப் பொருந்த மடித்துத் தைப்பது), ஊக்குப்பட்டியும் காஜாப்பட்டியும், கழுத்து, கை, மூட்டுதல், கைவேலை. இந்த ஒன்பதும் கடைசிவரை மாறவில்லை. மேலே போர்த்திய வடிவம்தான் மாறிக்கொண்டே இருந்தது.

வாரக்கணக்கு

முதலில் வாராந்திர வடிவம். கட்டணம் மூன்று மாதத்துக்கு, ஆகவே 12 வாரம், வாரத்துக்கு ஒரு பிரிவு என்றால் ஒன்பதும் அதற்குள் அடங்கிவிடும். கணக்கு சரியாக வந்தது. இந்த வடிவத்தில் வகுப்பு தொடங்கும் தேதியைக் கொடுத்தால் போதும், ஒவ்வொரு பிரிவுக்கும் தேதியையே தலைப்பாக மூடில் போட்டுவிடும். நடப்பு வாரத்தைத் தானாகவே எடுப்பாகக் காட்டும். பக்கத்தைத் திறந்தவுடன் ‘இன்றைக்கு நான் எங்கே இருக்க வேண்டும்’ என்று தெரிந்துவிடும்.

ஆனால் தையல் கற்கிறவர்கள் தேதிக்குக் கட்டுப்பட்டவர்கள் இல்லை. ஒருத்தர் மூன்றாம் வாரத்தில் வந்து சேருவார், அவருக்கும் மூன்றாம் வாரம்தான் எடுப்பாகத் தெரியும். இன்னொருத்தர் வீட்டில் கல்யாணம், இரண்டு வாரம் மெஷின் பக்கமே போகவில்லை. தீபாவளி நெருங்கினால் தைக்கத் தெரிந்த கைகள் எல்லாம் ஆர்டர் எடுத்துவிடும், வகுப்பு அப்படியே நின்றுவிடும். பின்தங்கியவர் பக்கத்தைத் திறந்தால் கடந்துபோன தேதிகள் வரிசையாக அவரைப் பார்த்து நிற்கின்றன. ஒரு மாணவி அக்காவுக்கு, ‘என் வாரம் முடிஞ்சு போச்சுங்கக்கா, இனி திறக்குமா?’ என்று செய்தி அனுப்பியிருந்தார். பிரிவு திறந்துதான் இருந்தது. தேதியைப் பார்த்து மூடிவிட்டது என்று அவரே முடிவுகட்டிக்கொண்டார்.

தலைப்பாகத் தேதி இருப்பதில் இன்னொரு தொல்லையும் உண்டு. ‘3 மார்ச் - 9 மார்ச்’ என்ற தலைப்புக்குள் டாட் இருக்கிறதா, கழுத்து இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? தலைப்பைக் கையால் மாற்றலாம். மாற்றிவிட்டால் இந்த வடிவத்தின் பயனே போய்விடுகிறது.

வாராந்திர வடிவத்தைக் குறை சொல்லவில்லை. ஐஐடிகள் நடத்தும் என்பிடிஇஎல் ஆன்லைன் படிப்புகள் 4, 8, 12 வாரம் என்று ஓடுகின்றன. வாரந்தோறும் அசைன்மென்ட், அதற்குக் கடைசித் தேதி, முடிவில் தேர்வு. அப்படி எல்லோரும் ஒரே நாளில் ஏறி ஒரே நாளில் இறங்கும் படிப்புக்கு வாரக்கணக்குதான் சரி. எங்கள் கல்லூரியிலும் செமஸ்டர் பாடங்களுக்கு அதையே வைத்திருக்கிறோம். அடுத்த பேட்ச் வந்தால் ‘ரீசெட்’ செய்து தொடக்கத் தேதியை மாற்றினால் மற்ற தேதிகளும் கூடவே நகர்ந்துவிடும், வசதிதான். கண்டபடி வந்து சேருகிற கூட்டத்துக்குத்தான் அது ஆகவில்லை.

வடிவத்தை மாற்றினால் உள்ளே போட்டதெல்லாம் போய்விடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. போகாது. பிரிவுகளும் அவற்றுக்குள் இருப்பவையும் அப்படியே இருக்கும், காட்டும் விதம்தான் மாறும். ‘சிங்கிள் ஆக்டிவிட்டி’ வடிவத்துக்கு மட்டும் எச்சரிக்கை. அது ஒரே ஒரு செயல்பாட்டைத்தான் காட்டும், மற்றவை மாணவர் கண்ணுக்குத் தெரியாமல் போகும். திரும்ப மாற்றினால் வந்துவிடும். கலந்துரையாடல் மன்றத்தையே முகப்பாக வைக்கும் ‘சோஷியல்’ வடிவமும் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவிலிருந்து தப்பி வந்தவர்களை மறுபடி அங்கேயே தள்ளுவானேன் என்று அதைத் தொடவில்லை.

ஒரே நீளப் பக்கம்

அடுத்து கஸ்டம் செக்‌ஷன்ஸ். பழைய பதிப்புகளில் ‘டாபிக்ஸ்’ என்று இருந்ததுதான், 4.4இலிருந்து இந்தப் பெயர். ‘எல்லாப் பிரிவும் ஒரே பக்கத்தில்’ என்பதை அப்படியே விட்டுவிட்டேன். லேப்டாப்பில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இடது பக்கம் கோர்ஸ் இண்டெக்ஸ் என்ற தலைப்புப் பட்டியல், நடுவில் பாடம். தேதித் தொல்லை ஒழிந்தது. அக்காவுக்கும் பிடித்தது. அழகுக்காக ஒவ்வொரு பிரிவின் தலையிலும் படம் வைத்தோம், அதன் கீழே இரண்டு பத்தி விளக்கம், நடுநடுவே ‘டெக்ஸ்ட் அண்ட் மீடியா’ கட்டங்கள்.

நேரில் வரும் மாணவி ஒருத்தர் அதைப் பயன்படுத்துவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் இந்த வேலைக்கு வெளிச்சம் கிடைத்தது. வீட்டில் தைத்துக்கொண்டிருந்த பிளவுஸை எடுத்து வந்திருந்தார். முன்பக்கம் இரண்டு துண்டும் தயார். ஊக்குப்பட்டி, காஜாப்பட்டி வைக்க வேண்டும். ஒன்றை உள்ளே மடக்க வேண்டும், மற்றதை வெளியே நீட்டிவிட வேண்டும். எது எந்தப் பக்கம் என்பதில் சந்தேகம். ஊசிக்கு அடியில் துணி மாட்டியிருக்கிறது, இடது கை துணியை விடவில்லை. போன் மெஷின் மேல் நூல்கண்டு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கிறது. வலது கட்டைவிரலால் தள்ளுகிறார், தள்ளுகிறார், படமும் விளக்கமும் போய்க்கொண்டே இருக்கின்றன. விரலில் இருந்த மார்க்கிங் சாக்குப் பொடி திரையில் பட்டையாக இழுபடுகிறது. காஜாப்பட்டியைத் தாண்டிக் கழுத்துக்குப் போய், மறுபடி மேலே வந்தார். போனில் கோர்ஸ் இண்டெக்ஸ் மூடியே இருக்கும், மூலையில் உள்ள சின்னத்தைத் தொட்டால்தான் திறக்கும். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. “வீடியோ நல்லாத்தான் இருக்குதுங்க. தேடி எடுக்கறதுக்குள்ள போட்ட கோடே அழிஞ்சிருமாட்ட இருக்குது” என்றார்.

அதுவரை நான் மனதில் வைத்திருந்தது முதல் முறை பார்க்கிறவரை. முதல் பாடத்தில் தொடங்கி ஒன்பதாவதுவரை ஒழுங்காக நடந்து வருகிறவரை. அப்படி ஒருவர் ஒரு பாடத்துக்கு ஒருமுறைதான் வருவார். அதற்குப் பிறகு அதே ஆள் பத்து இருபது தடவை வருவது, பாதித் தையலில், ஒரே ஒரு கேள்வியோடு. வடிவம் அந்த வருகைக்குத்தான் ஒத்துழைக்க வேண்டும். இதைப் பிடித்த பிறகு மற்றவற்றை எடைபோடுவது எளிதாகிவிட்டது.

ஒவ்வொரு வடிவத்திலும் ஒரே நான்கு தேடலைக் கொடுத்துப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன்: காஜாப்பட்டி எந்தப் பக்கம், கை வளைவு எப்படி, முன்கழுத்துக்கு பைப்பிங், பயிற்சிப் படத்தை எங்கே அனுப்புவது. ஆறரை இஞ்சுத் திரையுள்ள சாதாரண போன், ஒரே கட்டைவிரல். நீளப் பக்கத்தில் காஜாப்பட்டிக்குப் போக 14 தள்ளு. படங்களை எடுத்துவிட்டால் 9. பிரிவுகளை எல்லாம் மடக்கி வைத்தால் இரண்டு தள்ளும் ஒரு தொடுதலும். பிரிவுகளை மடக்கும் வசதி மூடில் 4.0இலிருந்தே இருக்கிறது, யார் எதை மடக்கினார் என்பதையும் அது நினைவில் வைத்துக்கொள்ளும். ஆனால் முதலில் மாணவர்தான் மடக்க வேண்டும். புதிதாக வருகிறவருக்கு எல்லாம் விரிந்தே கிடக்கும்.

டைல்ஸ்

இங்கேதான் கண்ணுக்கு அழகான வழி ஒன்று இழுத்தது. டைல்ஸ் என்ற கூடுதல் வடிவம், இலவசமாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு பிரிவும் ஒரு கட்டம், அதில் படமோ ஐகானோ வைக்கலாம், எவ்வளவு முடித்தோம் என்று சதவீதமும் காட்டும். கத்தரி, இஞ்சு டேப், கை, கழுத்து என்று அக்காவே படம் எடுத்துக் கொடுத்தார். லேப்டாப்பில் திறந்தால் ஜவுளிக்கடை ஷோகேஸ் மாதிரி இருந்தது. அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். இரண்டு பெண்களிடம் காட்டிவிட்டு, “இதையே வச்சுக்கலாமுங்க” என்று முடிவும் சொல்லிவிட்டார்.

மாணவர்களில் பாதிப் பேர் மூடில் செயலி வழியாக வருகிறவர்கள். செயலிக்கு இந்தக் கூடுதல் வடிவங்கள் தெரியாது. டைல்ஸ் போட்டாலும் அது சாதாரணப் பிரிவுப் பட்டியலாகத்தான் காட்டும். ஆக, ஒரே வகுப்பு, இரண்டு முகம். பிரவுசரில் பார்க்கிறவர் ‘நீலக் கட்டத்தைத் தொடு’ என்று சொல்ல, செயலியில் பார்க்கிறவர் நீலக் கட்டத்தைத் தேடிக்கொண்டிருப்பார். இது ஒன்றே எனக்குப் போதுமான காரணம்.

அதோடு பராமரிப்பும் உண்டு. டைல்ஸ் போல நாமே சேர்க்கும் கூடுதல் பிளக்இன் (துணை நிரல்) ஒவ்வொன்றும் மூடிலின் அடுத்த பதிப்புக்குத் தயாராகும்வரை நாம் காத்திருக்க வேண்டும். அதை எழுதுகிறவர்கள் நன்றாகத்தான் எழுதுகிறார்கள். ஆனால் நாளைக்கு நான் ஊர் மாறிப்போனால் அக்காவின் தளத்தை யார் பார்ப்பார்? பிளக்இன் இல்லாமல் ஓடுகிற தளத்தை யாரும் எடுத்து ஓட்டலாம். இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கஞ்சன்தான். ஒரு பிளக்இன் போட்டால் ஒரு பொறுப்பு கூடுகிறது என்றே கணக்கு வைப்பேன்.

டைல்ஸை நீக்கியபோது அதைப் பயன்படுத்திய வகுப்பு தளத்தின் வழக்கமான வடிவத்துக்குத் தானாகவே மாறிக்கொண்டது. பாடம் எதுவும் போகவில்லை. கட்டங்களுக்கு வைத்த படங்கள் வீண், அவ்வளவுதான். ஒன்டாபிக் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பிரிவுகளை டேப்களாக மேலே வரிசை கட்டும். ஆங்கிலத் தலைப்புக்கு அழகாக இருக்கிறது. ‘ஊக்குப்பட்டி, காஜாப்பட்டி’ போன்ற தமிழ்த் தலைப்புகளைப் போனில் வைத்தால் டேப்களே நான்கைந்து வரியாக மடங்கித் திரையில் பாதியைத் தின்றுவிட்டன.

நின்ற வடிவம்

மறுபடி கஸ்டம் செக்‌ஷன்ஸ். இந்த முறை கோர்ஸ் செட்டிங்ஸில் ‘கோர்ஸ் லேஅவுட்’ என்ற இடத்தில் ‘ஒரு பக்கத்துக்கு ஒரு பிரிவு’ என்று மாற்றினேன். முகப்பில் மேலே ‘ஜெனரல்’ பிரிவு, அதன் கீழே ஒன்பது தலைப்பு. தலைப்பைத் தொட்டால் அந்தப் பிரிவு மட்டும் தனிப்பக்கமாக வரும். காஜாப்பட்டிக்கு ஒரு தள்ளு, இரண்டு தொடுதல். செயலியிலும் ஏறக்குறைய இதே வரிசைதான்.

வடிவத்தை மாற்றியதைவிடத் தலைப்பை மாற்றியதில்தான் பலன் அதிகம் என்றுகூடச் சொல்வேன். முதலில் வைத்திருந்தது ‘பாடம் 5: பிளவுஸ் முன்பக்கம் - ஊக்குப்பட்டி, காஜாப்பட்டி’ என்கிற பாணி. ஒன்பது தலைப்பும் ‘பாடம்’ என்றே தொடங்கும், அடுத்து ‘பிளவுஸ்’ என்றே வரும். போன் திரையின் முதல் வரி முழுக்க ஒரே மாதிரி. வேறுபடுத்தும் சொல் இரண்டாம் வரியில் ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் வெட்டி ‘டாட்’, ‘கழுத்து’, ‘கை’ என்று வைத்தோம். பிளவுஸ் வகுப்புக்குள் வந்தவருக்கு இது பிளவுஸ் என்று ஒன்பது முறை சொல்ல வேண்டியதில்லை. எண்ணையும் எடுத்துவிட்டோம், மேலிருந்து கீழே வருவதே வரிசைதானே.

பிரிவின் தலையில் இருந்த படங்களையும் விளக்கங்களையும் எடுத்தாயிற்று. விளக்கம் தேவைப்பட்ட இடத்தில் ‘பேஜ்’ போட்டு உள்ளே வைத்தோம். பேப்பர் கட்டிங்குக்கு மட்டும் ‘புக்’. பிரவுன் பேப்பரில் முன்பக்கம் வரைவது, பின்பக்கம் வரைவது, அக்குள் வளைவு, தையலுக்கு விடும் அளவு என்று அத்தியாயம் அத்தியாயமாக. அதை மொத்தமாக அச்செடுத்துக்கொள்ள முடிவது பல பேருக்குப் பிடித்துவிட்டது. அச்செடுத்துச் சுவரில் ஒட்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இனிமேல் தளமே தேவைப்படாத பாடம் அது. அதனால் என்ன, நல்லதுதான்.

கழுத்துப் பிரிவு பெரிதாகிவிட்டது. ரவுண்ட் நெக், பாட் நெக், போட் நெக், ஒவ்வொன்றுக்கும் வரைபடம், வீடியோ, பைப்பிங். இங்கே 4.5இல் வந்த ‘சப்செக்‌ஷன்’ உதவியது. அட்மின் பக்கத்தில் செயல்பாடுகள் பட்டியலில் அதை முதலில் இயக்கிவிட வேண்டும், அப்புறம் பிரிவுக்குள் உட்பிரிவாக வைக்கலாம். ஒரு அடுக்குதான், உட்பிரிவுக்குள் இன்னொரு உட்பிரிவு வைக்க விடாது. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. விட்டிருந்தால் அக்கா பாட் நெக்குக்குள் ஐந்து அறை கட்டியிருப்பார். கழுத்து, கை இரண்டில் மட்டும் உட்பிரிவு, மற்ற ஏழும் வெறும் பட்டியல்.

‘ஜெனரல்’ பிரிவில் மூன்றே மூன்று: அறிவிப்பு, அளவு அட்டை பிடிஎஃப், கேள்வி மன்றம். வரவேற்புரை, அக்காவின் படம், ‘இந்த வகுப்பில் நீங்கள் கற்கப்போவது’ எல்லாம் முன்பு அங்கேதான் இருந்தன. தினமும் திறக்கிறவர் தினமும் அவற்றைத் தாண்டித்தான் பாடத்துக்குப் போக வேண்டியிருந்தது. அவற்றை வகுப்பின் அறிமுகச் சுருக்கத்துக்குக் கொண்டுபோய் வைத்தேன். அது சேருமுன் படிப்பதற்கான இடம்.

ஒரே ஒரு பூட்டு

பாடத்தை வரிசையாகத்தான் திறக்கவிட வேண்டுமா என்று எனக்கும் அக்காவுக்கும் கொஞ்சம் வாக்குவாதம். அவருக்கு எல்லாப் பிரிவுக்கும் பூட்டு வேண்டும். “ஓடற பிள்ளைக கையத்தான் மொதல்ல பாக்கும்” என்றார். எல்லாவற்றையும் பூட்டினால் திரும்பத் தேடி வருகிறவருக்குத்தான் இடைஞ்சல். கடைசியில் ஒரே ஒரு பூட்டு என்று ஒப்புக்கொண்டார். அதுவும் துணி வெட்டுப் பிரிவுக்கு. பேப்பரில் தப்பாக வெட்டினால் பேப்பர் போகும். துணியில் தப்பினால் பிளவுஸ் பிட் போகும், லைனிங்கும் போகும்.

பூட்டு இப்படி. பேப்பர் கட்டிங் முடிவில் ஒரு அசைன்மென்ட். வரைந்து வெட்டிய பேப்பரைத் தரையில் விரித்து, மேலே இஞ்சு டேப்பை வைத்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். செயலியில் இருந்தே கேமராவைத் திறந்து எடுத்து அனுப்ப முடியும். மதிப்பெண்ணுக்குப் பதிலாக நாங்களே ஒரு ‘ஸ்கேல்’ உருவாக்கினோம்: ‘மறுபடி வரைக, துணி வெட்டலாம்’. இதைக் குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போகும் வரிசையில், இடையில் காற்புள்ளி வைத்து எழுத வேண்டும். தலைகீழாக எழுதினால் பாஸானவர் ஃபெயில் ஆவார். தேர்ச்சி இரண்டாவது நிலை என்று வைத்து, துணி வெட்டுப் பிரிவின் ‘ரெஸ்ட்ரிக்ட் ஆக்ஸஸ்’ பகுதியில் ‘இந்த அசைன்மென்ட் தேர்ச்சியோடு முடிந்திருந்தால் திற’ என்று நிபந்தனை. கண் சின்னத்தைத் திறந்தே விட்டேன். அப்படி விட்டால் பூட்டியிருக்கும்போதும் தலைப்பு தெரியும், எதனால் பூட்டியிருக்கிறது என்ற காரணமும் தெரியும். அதை மூடிவிட்டால் பிரிவே காணாமல் போகும், ‘எனக்கு மட்டும் துணி வெட்டு வரலைங்கக்கா’ என்று போன் வரும்.

அக்கா ராத்திரி வேலை முடிந்து படங்களைத் திறப்பார். இரண்டு விரலால் பெரிதாக்கி நேராக அக்குள் வளைவுக்குத்தான் போவார், மற்றதைக் கண்டுகொள்வதே இல்லை. வளைவு சரியாக இருந்தால் ‘துணி வெட்டலாம்’. இல்லாவிட்டால் அதே படத்தில் சிவப்பில் ஒரு கோடு வரைந்து ‘மறுபடி வரைக’. இதில் அவர் என்னைவிட வேகம்.

பொடி வேலைகள் சில. தமிழ் மொழிப்பொதி போட்டால் பாதி தமிழ், பாதி ஆங்கிலம் என்று வரும், மொழிபெயர்ப்பு முழுமையாக இல்லை. அட்மின் பக்கத்தில் ‘லாங்குவேஜ் கஸ்டமைசேஷன்’ இருக்கிறது. மாணவர் கண்ணில் அடிக்கடி படும் இருபது சொற்றொடர்களை மட்டும் அங்கே நாமே எழுதிக்கொண்டோம். ‘மார்க் அஸ் டன்’ என்ற பொத்தான் இப்போது ‘முடிச்சிட்டேன்’. அதை வீடியோக்களுக்கு மட்டும் வைத்தோம், அசைன்மென்ட் தானாகவே முடிந்ததாகக் குறிக்கும். ஆசிரியராக இருந்துகொண்டு மாணவர் பார்வையைச் சோதிக்க ‘ஸ்விட்ச் ரோல்’ போதாது. பூட்டு, முடித்த கணக்கு எல்லாம் சரியாகத் தெரிய மாணவர் பெயரில் ஒரு பொய்க் கணக்கு தொடங்கி, உண்மையான போனில், செயலியிலும் பிரவுசரிலும் பாருங்கள். சொந்த சர்வர் இல்லாமல் வடிவங்களை மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் மூடிலின் சாண்ட்பாக்ஸ் டெமோ தளம் போதும். அது ஒரு மணிக்கு ஒருமுறை துடைத்துப் பழையபடி ஆகிவிடும், எதை வேண்டுமானாலும் உடைத்துப் பார்க்கலாம்.

இன்னும் சரியாகாத விஷயம் வீடியோவின் நீளம். கை வெட்டும் வீடியோ 28 நிமிடம். பிரிவுக்கு இரண்டு தொடுதலில் வந்தவர், வீடியோவுக்குள் வளைவு வரும் இடத்தைத் தேடி மறுபடி விரலை இழுத்துக்கொண்டிருக்கிறார். யூடியூபில் நேரக்குறிப்பு போட்டு, ‘9:40இல் வளைவு’ என்று தனி இணைப்பாக வைத்துத் தற்காலிகமாக ஒட்டுப் போட்டிருக்கிறேன். உண்மையான வழி, நான்கு நிமிடத்துக்கு மேல் போகாத துண்டுகளாக மறுபடி எடுப்பதுதான். அக்காவுக்கு அதில் விருப்பமில்லை, கை வேலையை நடுவில் நிறுத்தி நிறுத்தி எடுத்தால் வெட்டு கோணலாகும் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரே ஓட்டமாக எடுத்துவிட்டுப் பிறகு நான் வெட்டிக் கொடுப்பது என்று பேசியிருக்கிறோம்.

அடுத்தது சுடிதார் வகுப்பு. பிளவுஸ் வகுப்பை மாணவர் விவரம் இல்லாமல் ‘காப்பி’ எடுத்து வைத்திருக்கிறேன். லேஅவுட், ஸ்கேல், பூட்டு, ஜெனரல் பிரிவு எல்லாம் அப்படியே வந்துவிட்டன. டாட், ஊக்குப்பட்டி, காஜாப்பட்டி போகும், பேன்ட் வரும். சீட்டு எழுதும்போதே தலைப்பை ஒரே சொல்லாக எழுதச் சொல்லியிருக்கிறேன். செயலியில் தள முகவரியைத் தட்டுவதிலேயே பாதிப் பேர் தடுமாறுவதால், கியூஆர் குறியீட்டை இந்த முறை அளவு அட்டையின் மூலையிலேயே அச்சடிக்கக் கொடுத்தாயிற்று.